சீட் கேட்டுப் போகும் சாலை: தேனாம்பேட்டையிலிருந்து பாபநாசம் வரை

திங்கள், சென்னை

தேனாம்பேட்டையில் தி.மு.க.வின் அண்ணா அறிவாலயம். ராயப்பேட்டையில் அ.தி.மு.க. தலைமைக் கழகமும் காங்கிரசின் சத்தியமூர்த்தி பவனும். தியாகராய நகரில் பா.ஜ.க.வின் கமலாலயம், இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் பாலன் இல்லம். ஆட்டோ பிடித்தால் முற்பகலுக்குள் எல்லா வாசலையும் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டின் 234 தொகுதிகளுக்கும் வேட்பாளர் பட்டியல் பெரும்பாலும் இந்தச் சின்ன வட்டத்துக்குள்ளிருந்துதான் வெளியே வருகிறது.

இந்தத் தொடர் இங்கிருந்து கிளம்பி, விக்கிரவாண்டி வழியாகக் காவிரிப் படுகைக்குப் போகிறது. இந்த வாசல்களுக்குள் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, சொந்த ஊர்த் தொகுதியில் நிற்க விரும்புகிறவர்களுக்காக எழுதுகிறோம். தலைமையின் உதவியாளர், அறிக்கை எழுதுபவர், செய்தித் தொடர்பாளர், தகவல் தொழில்நுட்ப அணி, சட்டத்துறை என்று பலர் இருக்கிறார்கள். தலைவரைத் தினமும் பார்க்கிற இவர்களுக்கு சீட் கையெட்டும் தூரத்தில் இருப்பதாக ஊர் நினைக்கும். உள்ளூரில் ஒரு ஒன்றியச் செயலாளருக்குத் தானாக அமைந்திருக்கும் பல விஷயங்களை இவர்கள் ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்க்க வேண்டியிருக்கிறது என்பதுதான் நிலைமை.

முதல் படி விருப்ப மனு, அதாவது சீட் கேட்டுக் கட்சிக்குக் கொடுக்கும் மனு. 2021 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. பொதுத் தொகுதிக்கு 25,000 ரூபாயும், பெண்களுக்கும் தனித் தொகுதிக்கும் 15,000 ரூபாயும் கட்டணம் வைத்தது. அ.தி.மு.க. தமிழ்நாட்டுத் தொகுதிகளுக்கு 15,000 ரூபாய் வாங்கியது. மனுவில் வழக்கமாகக் கேட்பவை: உறுப்பினர் எண், சேர்ந்த வருடம், வகித்த பொறுப்புகள், கலந்துகொண்ட போராட்டங்கள், சிறை சென்ற விவரம், முன்பு போட்டியிட்ட தேர்தல்கள், நிலுவையில் உள்ள வழக்குகள்.

தலைமையில் இருப்பவர்கள் இந்தப் படியில்தான் அசட்டையாக இருக்கிறார்கள். "தலைவருக்கே தெரியும், நான் ஏன் மனு கொடுக்கணும்" என்ற நினைப்பு. மனு கொடுக்காதவர் பெயர் நேர்காணல் பட்டியலில் வராது. நேர்காணலில் வராத பெயரைக் கடைசி நேரத்தில் நுழைத்தால், கட்டணம் கட்டிக் காத்திருந்த உள்ளூர்க்காரர்கள் அத்தனை பேருக்கும் சொல்லிக்காட்ட ஒரு காரணம் கிடைத்துவிடும். வெற்றி வாய்ப்பு இருக்கிறதோ இல்லையோ, மனுவைக் கொடுத்துவிட வேண்டும்.

மனு கொடுப்பதில் இன்னொரு வழக்கமும் உண்டு. தலைவர் தங்கள் தொகுதியில் நிற்க வேண்டும் என்று தலைவர் பெயரில் கட்டணம் கட்டுவார்கள். மாவட்டத்துக்காரர்கள் தலைமைக்குத் தங்கள் முகத்தைக் காட்டும் வழி அது. தலைமையில் ஏற்கெனவே முகம் தெரிந்தவருக்கு அதனால் லாபம் இல்லை. அதே கட்டணத்தில் ஊரிலுள்ள ஒரு கிளைச் செயலாளர் உங்கள் பெயருக்கு மனு கட்டினால் அதற்கு மதிப்பு அதிகம். உங்களை ஊர் கேட்கிறது என்பதற்கான சின்ன சாட்சி அது.

நேர்காணல் மாவட்ட வாரியாக நடக்கும். ஒரு தொகுதிக்குப் பத்திருபது பேர் கேட்டிருந்தால் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடம்தான். 2021இல் அ.தி.மு.க. எல்லா மாவட்டங்களுக்குமான நேர்காணலையும் மார்ச் 4ஆம் தேதி ஒரே நாளில் முடித்தது. கேள்விகள் பழகியவைதான்: கட்சியில் எத்தனை வருடம், தொகுதியில் எந்தெந்தச் சமூகம் எவ்வளவு, எதிர்த்து யார் வருவார், செலவுக்கு என்ன வழி, சீட் வேறொருவருக்குப் போனால் வேலை செய்வீர்களா. கடைசிக் கேள்வியை அலட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பதிலை மாவட்டச் செயலாளர் மறக்க மாட்டார்.

செவ்வாய், சென்னையிலிருந்து பண்ருட்டி

செங்கல்பட்டு, திண்டிவனம் தாண்டி விக்கிரவாண்டியில் திருச்சி சாலையை விட்டுப் பிரிந்தால் தஞ்சாவூர் வரை சுமார் 165 கிலோமீட்டர். காரில் சும்மா உட்கார்ந்திருக்கும் இந்த நேரத்தில் வாக்காளர் பட்டியலைப் பேசிவிடலாம். சென்னைவாசியான கட்சிக்காரருக்கு முதல் சட்டச் சிக்கல் அதில்தான் இருக்கிறது.

சட்டமன்றத்துக்கு நிற்க 25 வயது நிரம்பியிருக்க வேண்டும்; மாநிலத்தின் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருக்க வேண்டும். சொந்தத் தொகுதியிலேயே ஓட்டு இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சைதாப்பேட்டையிலோ மயிலாப்பூரிலோ ஓட்டு இருந்தால், அந்தப் பட்டியலின் சான்றிட்ட நகலை வேட்புமனுவுடனோ, பரிசீலனை நேரத்திலோ கொடுத்தாக வேண்டும். இணையத்திலிருந்து எடுத்த அச்சுப்படி செல்லாது. வாக்காளர் பதிவு அலுவலரின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள நகல் வேண்டும். வேட்பாளர் பட்டியல் வெளியான பிறகு அதற்காகச் சென்னைக்கு ஆள் அனுப்பினால் இரண்டு நாள் வீண்.

சட்டம் இடம் கொடுத்தாலும் ஊர் இடம் கொடுக்காது. தன் ஓட்டையே தனக்குப் போட முடியாத வேட்பாளர் என்று எதிர்த்தரப்பு ஒரே வரியில் பேசி முடித்துவிடும். குறைந்தது ஆறு மாதம் முன்னால் படிவம் 8 கொடுத்து ஓட்டை ஊருக்கு மாற்றிக்கொள்வது நல்லது. உண்மையில் ஊரிலும் வீடும் வாசமும் இருக்க வேண்டும். இரண்டு இடத்தில் பெயர் வைத்துக்கொள்வது சட்ட விரோதம். 2025 நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிர திருத்தத்தில் வீடு வீடாகப் படிவம் வாங்கியதால், இரட்டைப் பதிவோடு காலம் தள்ளியவர்கள் ஏதாவது ஒரு ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தது. பெயர் எந்த ஊரில் நின்றிருக்கிறது என்று யூகிக்காமல் தேடிப் பார்த்துவிடுங்கள். மனுத்தாக்கலின் கடைசி நாள் கடைசி மணிக்குப் பிறகு பட்டியலில் சேர்த்தலும் இல்லை, மாற்றமும் இல்லை.

பண்ருட்டிக்குள் நுழையும்போது சாலையோரம் பலாப்பழங்கள் அடுக்கியிருக்கின்றன. அரசியலிலும் இந்த ஊரில் கவனிக்க ஒரு பாடம் உண்டு. 2021இல் இங்கே வென்ற வேல்முருகன் தமிழக வாழ்வுரிமைக் கட்சியின் தலைவர்; நின்றது உதயசூரியனில். அந்தத் தேர்தலில் தி.மு.க. 173 இடத்தில் நின்றது. ம.தி.மு.க., கொ.ம.தே.க., மனிதநேய மக்கள் கட்சி (ம.ம.க.) போன்ற தோழமைக் கட்சிகள் இன்னும் 15 இடத்தில் அதே சின்னத்தில் நின்றன. ஆக உதயசூரியன் 188 தொகுதிகளில் இருந்தது.

உள்ளூரில் சீட் கேட்பவருக்கு இதன் பொருள் கொஞ்சம் கசப்பானது. சுவரில் எழுதப்போவது நம் சின்னம், ஆனால் வேட்பாளர் நம் ஆள் இல்லை. தேர்தல் சின்னங்கள் ஆணை 1968இன் 13ஆம் பத்தி, ஒரு கட்சியின் சின்னத்தில் நிற்பவர் அந்தக் கட்சியின் உறுப்பினராக இருக்க வேண்டும் என்கிறது. அதனால் தோழமைக் கட்சிக்காரர் தாளில் பெரிய கட்சியின் வேட்பாளர் ஆகிவிடுகிறார். வென்றால் சட்டமன்றக் கணக்கிலும் அந்தக் கட்சி உறுப்பினர்தான். சின்னம் கட்சியிடமே இருக்கிறது, ஓட்டு பழக்கம் மாறாது என்பதால் இப்படி விட்டுக்கொடுப்பது தலைமைக்குச் சுலபம். தொகுதிப் பங்கீட்டுப் பேச்சில் உங்கள் ஊர் அடிபடும்போது "எந்தக் கட்சிக்கு?" என்பதோடு "எந்தச் சின்னத்தில்?" என்றும் விசாரியுங்கள்.

புதன், காட்டுமன்னார்கோவில்

சேத்தியாத்தோப்பைத் தாண்டினால் வீராணம். சென்னைக்குக் குடிநீர் போகும் ஏரி. கரையோரம் இருப்பது காட்டுமன்னார்கோவில் (தனி). 2016இல் தொல். திருமாவளவன் இங்கே 87 ஓட்டில் தோற்றார். 2021இல் அதே விடுதலைச் சிறுத்தைகளின் சிந்தனைச் செல்வன் பானைச் சின்னத்தில் வென்றார்.

பண்ருட்டிக்கும் இதற்கும் நடுவில் ஒரு மணி நேரப் பயணம்தான், நடைமுறையில் வித்தியாசம் நிறைய. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒரே ஒரு முன்மொழிபவர் போதும். பதிவு மட்டும் பெற்ற கட்சிக்கும் சுயேச்சைக்கும் பத்துப் பேர் வேண்டும். 2021இல் விடுதலைச் சிறுத்தைகள் பதிவு பெற்ற கட்சி மட்டுமே. 2025 ஜனவரியில்தான் மாநிலக் கட்சி அங்கீகாரம் வந்தது.

முன்மொழிபவர் அந்தத் தொகுதியின் வாக்காளராக இருக்க வேண்டும். கட்சி உறுப்பினராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. சென்னையிலிருந்து கூடவே வரும் நண்பர் கையெழுத்துப் போட முடியாது என்பது பலருக்குக் கடைசி நாளில்தான் உறைக்கிறது. முன்மொழிபவரின் பாகம் எண், வரிசை எண் இரண்டையும் நடப்புப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். திருத்தத்துக்குப் பிறகு பாகங்கள் பிரிந்தும் சேர்ந்தும் எண்கள் மாறியிருக்கும். பழைய பூத் சீட்டைப் பார்த்து எழுதினால் தப்பாகிவிடும். எழுத்துப்பிழை, எண்பிழை போன்ற சில்லறைத் தவறுகளுக்காக மனுவைத் தள்ளக் கூடாது என்று சட்டமே சொன்னாலும், ஆளை அடையாளம் காண முடியாத அளவுக்கு எண் புரண்டால் பரிசீலனையில் எதிர்த்தரப்பு வக்கீல் விடமாட்டார். கைநாட்டு வைப்பவர் முன்மொழிந்தால் வீட்டில் வைத்து வாங்கிவரக் கூடாது. தேர்தல் நடத்தும் அலுவலரின் முன்னால் வைத்து, அவர் சான்றளிக்க வேண்டும்.

பத்துப் பேர் என்றால் பன்னிரண்டு பேராக யாரும் தரமாட்டார்கள். பத்தும் உறுதியாக இருக்க வேண்டும். 2017 டிசம்பரில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனு தள்ளப்பட்டது, முன்மொழிந்தவர்களில் இருவர் அது தங்கள் கையெழுத்து இல்லை என்று சொன்னதால்தான்.

வியாழன், திருவிடைமருதூர், கும்பகோணம்

அணைக்கரையில் கொள்ளிடத்தைத் தாண்டினால் தஞ்சை மாவட்டம். எட்டுத் தொகுதி. அதில் திருவிடைமருதூர் தனித் தொகுதி.

தொகுதி என்பது நிலையான பொருள் இல்லை. 2008 மறுவரையறையில் வலங்கைமான், திருவோணம் என்ற தொகுதிகளே போய்விட்டன. பொதுத் தொகுதியாக இருந்த திருவிடைமருதூர் தனித் தொகுதி ஆனது. பட்டியல் சமூகத்தைச் சேராத ஒரு திருவிடைமருதூர்க்காரர் கட்சியில் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், சொந்தத் தொகுதி என்று சொல்லிக்கொண்டு அங்கே நிற்க முடியாது. எதிர்ப்பக்கமும் நடந்திருக்கிறது. திருவாரூர் 2006 வரை தனித் தொகுதி. மறுவரையறை அதைப் பொதுத் தொகுதி ஆக்கிய பிறகுதான், 1957இல் குளித்தலையில் தொடங்கிய மு. கருணாநிதி 2011இல் தான் வளர்ந்த ஊரில் வேட்பாளராக நின்றார். 234இல் 44 ஆதிதிராவிடருக்கும், ஏற்காடு, சேந்தமங்கலம் இரண்டும் பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டவை.

கும்பகோணத்தில் ஒரு பிற்பகல் முழுக்கக் கூட்டணிக் கணக்கில் போனது. 2021இல் அ.தி.மு.க. அணியில் தஞ்சை மாவட்டத்தின் எட்டில் மூன்று வெளியே போயின: கும்பகோணம் மூவேந்தர் முன்னேற்றக் கழகத்துக்கு, திருவையாறு பா.ஜ.க.வுக்கு, பட்டுக்கோட்டை தமிழ் மாநில காங்கிரசுக்கு. தி.மு.க. அணியில் பாபநாசம் மட்டும் ம.ம.க.வுக்குப் போனது. வெளியே போன தொகுதியில் நல்ல ஆள் இருந்தாரா என்பதை யாரும் பார்ப்பதில்லை. பங்கீட்டுக் குழுவில் பேசுவோர் முன்னால் இருப்பது தோழமைக் கட்சி கேட்கும் பட்டியல், அதில் எதைக் கொடுத்தால் நமக்கு வலி குறைவு என்ற கணக்கு. அணியின் சிட்டிங் எம்.எல்.ஏ. இல்லாத தொகுதி, மாவட்டச் செயலாளர் விரும்பாத தொகுதி, கோஷ்டிச் சண்டை முற்றிய தொகுதி, இவை முதலில் தள்ளப்படும்.

கோஷ்டிச் சண்டையைப் பற்றி நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். மூன்று பேர் ஒருவரையொருவர் மறித்துத் தலைமைக்குப் புகார்க் கடிதம் எழுதிக்கொண்டிருந்தால், அந்தத் தொகுதியைத் தோழமைக்குக் கொடுப்பது தலைமைக்கு நிம்மதி. மூவருக்கும் சீட் இல்லை, ஐந்து வருடம் வேலை செய்த பூத்காரர்களுக்கும் சொந்தக் கட்சி வேட்பாளர் இல்லை. தலைமையில் இருப்பவர் ஊருக்குப் போனதும் முதலில் பார்க்க வேண்டியது போட்டியாளர்களைத்தான். "யாருக்குக் கொடுத்தாலும் சரி, நம்ம கட்சிக்கு வேண்டும்" என்று எல்லோரும் கையெழுத்திட்ட ஒரு கடிதம் தலைமைக்குப் போனால், அது தனித்தனியாகப் போகும் பத்துச் சிபாரிசுகளைவிட வலுவானது.

வெள்ளி, சனி, பாபநாசம்

பாபநாசத்தில் இரண்டு நாள் தங்கினோம். தலைமையில் பழகியவர் சொந்தத் தொகுதி கேட்பதன் சிரமம் இங்கே நன்றாகத் தெரிகிறது. தி.மு.க. இந்தத் தொகுதியை 2011இலும் 2016இலும் காங்கிரசுக்குக் கொடுத்தது. 2021இல் ம.ம.க.வின் ஜவாஹிருல்லா உதயசூரியனில் நின்று வென்றார். மூன்று தேர்தலில் சொந்தக் கட்சிக்காரர் ஒருவரும் வேட்பாளர் இல்லை. இப்படிப்பட்ட ஊரில் அந்தக் கட்சிக்காரர் சீட் கேட்டால் முதல் போட்டி எதிர்க்கட்சியோடு இல்லை, வழக்கத்தோடு. வழக்கத்தை மாற்ற தலைமைக்குக் காட்ட வேண்டியது எண்கள்.

அதற்கான கோப்பை இப்படித் தயாரிக்கலாம். தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் படிவம் 20 கிடைக்கும். பூத் வாரியாக ஒவ்வொரு வேட்பாளரும் வாங்கிய ஓட்டு அதில் இருக்கும். 2016, 2021 சட்டமன்றம், 2019, 2024 மக்களவை என்று நான்கையும் எடுங்கள். பாபநாசம், கும்பகோணம், திருவிடைமருதூர் மூன்றும் வருவாய்க் கணக்கில் தஞ்சாவூர் மாவட்டம், மக்களவைக் கணக்கில் மயிலாடுதுறை. மக்களவை எண்ணைத் தஞ்சாவூர்த் தொகுதியில் தேடினால் கிடைக்காது. பூத் எண்கள் தேர்தலுக்குத் தேர்தல் மாறும் என்பதால் எண்ணை வைத்துப் பொருத்தாதீர்கள். பள்ளிக்கூடத்தின் பெயர், தெருவின் பெயர் வைத்துப் பொருத்துங்கள். 2021இல் ஒரு தொகுதிக்குச் சராசரியாக இரண்டரை லட்சத்துக்கு மேல் வாக்காளர் இருந்தார்கள் என்பதால் இந்தப் பொருத்தும் வேலை ஒரு ஆளுக்கு இரண்டு வாரம் பிடிக்கும். ஊராட்சி வாரியாக அடுக்கிய பிறகு மூன்று நிறம் போதும்: நான்கிலும் முன்னிலை, நான்கிலும் பின்னடைவு, மாறி மாறி வருவது. மூன்றாவது நிறத்தில் உள்ள ஊராட்சிகளின் பெயரை நேர்காணலில் தாளைப் பார்க்காமல் சொல்ல வேண்டும். அதைச் சொல்பவரைக் குழு கவனிக்கும்.

அடுத்தது பாக முகவர்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் கட்சி நியமித்த வாக்குச்சாவடி நிலை முகவர் பட்டியல் மாவட்டச் செயலாளரிடம் இருக்கும். அந்தப் பட்டியலில் உள்ள கைபேசி எண்களை ஒவ்வொன்றாக அழைத்துப் பாருங்கள். சில எண்கள் உபயோகத்தில் இருக்காது, சிலர் திருப்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போயிருப்பார்கள், சில பாகத்துக்குப் பெயரே இருக்காது. எந்தப் பாகம் காலி என்று தெரிந்து, மாவட்டச் செயலாளரிடமே போய், "இந்த இடங்களில் ஆள் போட உதவி செய்கிறேன்" என்று சொல்வதுதான் முறை. தலைமையில் போய்ப் புகாராகச் சொன்னால் அந்த மாவட்டத்தில் கதவு மூடிவிடும்.

மாவட்டச் செயலாளரைத் தாண்டி சீட் வாங்க முடியுமா என்று பலரும் கேட்கிறார்கள். வாங்கலாம், தலைவர் பெயரைச் சொல்லிவிட்டால் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். ஆனால் வேட்பாளர் ஆன பிறகு மைக் செட், வண்டி, பூத் சிலிப், ஏஜென்ட், எல்லாம் ஒன்றியச் செயலாளர், பேரூர் செயலாளர் வழியாகத்தான் நகரும். அவர்கள் மாவட்டச் செயலாளரின் முகத்தைப் பார்த்து வேலை செய்பவர்கள். உள்ளடி வேலைக்கு எதிர்த்துப் பேசத் தேவையில்லை, சும்மா இருந்தாலே போதும். ஆகவே விருப்ப மனு கொடுக்கும் முன் அவர்களை அவரவர் வீட்டில் போய்ப் பாருங்கள், வயதில் மூத்த கிளைச் செயலாளரை முதலில் பாருங்கள். "அண்ணே, ஊருக்கு வரலாம்னு இருக்கேன், நீங்க சொல்லணும்" என்று தொடங்கும் பேச்சும், "தலைமையில் முடிவாயிடுச்சு" என்று தொடங்கும் பேச்சும் ஒரே வீட்டில் வேறு வேறு பதிலை வாங்கும்.

ஊர்ப்பக்கம் உறவும் சாதியும் முன்னால் வந்து நிற்கும், அதை மறைக்க முடியாது. நேர்காணலிலேயே கேட்கிறார்கள். ஒரு சமூகத்து ஆளாக மட்டும் அறிமுகமானால், மற்ற ஊராட்சிகளில் பூத்காரர் தயங்குவார். முதல் சுற்றிலேயே குடியிருப்புத் தெரு, காலனி, தர்கா தெரு என்று எல்லா இடத்துக்கும் கட்சிக் கொடிக் கம்பம் இருக்கும் இடம் வரை நடந்து போவது நல்லது என்பது எங்கள் கருத்து.

கட்சி சொன்ன பின் சட்டம் தடுக்காமல் இருக்கிறதா என்பதையும் இந்த நாட்களிலேயே பார்த்துவிட வேண்டும். வாரியப் பதவி, அரசு வழக்கறிஞர் போன்ற பொறுப்பு இருந்தால் ஆதாயப் பதவியா என்று சட்டம் தெரிந்தவரிடம் கேட்டு, தேவைப்பட்டால் விலகல் ஏற்கப்பட்ட ஆணையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தகுதி பார்க்கப்படுவது பரிசீலனை நாளை வைத்து. மாநில அரசுக்குப் பொருள் வழங்கும் அல்லது வேலை எடுத்துச் செய்யும் ஒப்பந்தம் சொந்தப் பெயரில் நடப்பில் இருந்தால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 9ஏ பிரிவு தடுக்கும். ஒப்பந்ததாரர் தன் பக்க வேலையை முழுதாக முடித்துவிட்டு, அரசிடமிருந்து பில் பணம் மட்டும் பாக்கி என்றால் அந்தத் தடை பொருந்தாது.

வழக்கு இருப்பவர்கள் கட்சியிடம் ஒளிக்கவே கூடாது. உச்ச நீதிமன்றத்தின் 2020, 2021 தீர்ப்புகளுக்குப் பிறகு, குற்ற வழக்கு நிலுவையில் உள்ளவரைத் தேர்ந்தெடுத்தால் 48 மணி நேரத்துக்குள் ஏன் அவரைத் தேர்ந்தெடுத்தோம், வழக்கில்லாத வேறு ஒருவரை ஏன் எடுக்கவில்லை என்று கட்சி படிவம் சி7இல் வெளியிட வேண்டும். வெல்லக்கூடியவர் என்பது மட்டும் காரணம் ஆகாது. 72 மணி நேரத்துக்குள் தேர்தல் ஆணையத்துக்குத் தனி அறிக்கையும் போக வேண்டும். மறைத்த வழக்கு பட்டியல் வந்த பிறகு வெளியே வந்தால் கட்சிக்கும் சங்கடம், வேட்பாளரையே மாற்றுவதற்குக் காரணமும் கிடைத்துவிடும்.

ஞாயிறு, தஞ்சாவூர்

ஞாயிற்றுக்கிழமை மனு வாங்க மாட்டார்கள். ஆகவே வேட்பாளர் அறிவிக்கப்பட்ட பின் வரும் ஞாயிறு என்பது தாள்களைச் சரிபார்க்கும் நாள். 2021இல் தி.மு.க. பட்டியல் மார்ச் 12இல் வந்தது. அன்றுதான் மனுத்தாக்கல் தொடக்கம். 19ஆம் தேதி முடிவு. பட்டியலுக்குப் பிறகு தாள் சேர்க்கத் தொடங்கினால் போதாது.

தாள்களில் மிக முக்கியமானவை கட்சி தரும் ஏ படிவமும் பி படிவமும். ஏ படிவத்தில், வேட்பாளர் பெயரைத் தெரிவிக்க அதிகாரம் பெற்றவர் யார் என்று கட்சி சொல்லி, அவரது மாதிரிக் கையெழுத்தையும் தரும். பி படிவத்தில் அந்த நபர் இன்ன தொகுதிக்கு இன்னார் என்று எழுதிக் கையெழுத்திடுவார். மாற்று வேட்பாளர் பெயரும் அதிலேயே இருக்கும். மனுத்தாக்கலின் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் இரண்டும் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் சேர வேண்டும். மையில் போட்ட அசல் கையெழுத்து வேண்டும். ரப்பர் முத்திரைக் கையெழுத்து, நகல், தொலைநகல் எதுவும் ஏற்கப்படாது. தாளை வாங்கியதும் நீங்கள் பார்க்க வேண்டியவை: உங்கள் பெயரும் தகப்பனார் அல்லது கணவர் பெயரும் வேட்புமனுவில் உள்ளபடியே இருக்கிறதா, தொகுதியின் எண்ணும் பெயரும் சரியா, கையெழுத்துப் போட்டவர் ஏ படிவத்தில் உள்ளவர்தானா.

கையெழுத்தின் கனம் தஞ்சாவூருக்கு நன்றாகத் தெரியும். 2016 மே மாதம் பணப் பட்டுவாடா புகாரில் தஞ்சாவூர், அரவக்குறிச்சி தேர்தல்கள் ரத்தாகி, திருப்பரங்குன்றத்தோடு சேர்த்து நவம்பரில் நடந்தன. மருத்துவமனையில் இருந்த ஜெயலலிதாவின் கைரேகைதான் அப்போது அ.தி.மு.க. வேட்பாளர்களின் படிவங்களில் இருந்தது. திருப்பரங்குன்றம் வெற்றியை எதிர்த்த வழக்கில் 2019 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பளித்தது. 2022இல் அதே கட்சியில் யார் கையெழுத்துப் போடுவது என்ற தகராறில் உள்ளாட்சி இடைத்தேர்தல் வேட்பாளர்கள் இரட்டை இலை இல்லாமல் நின்றார்கள்.

ஒரே தொகுதிக்கு இருவருக்கு பி படிவம் போய்விடுவதும் உண்டு. முந்தையதை ரத்து செய்கிறோம் என்று இரண்டாவது படிவத்தில் தெளிவாக இல்லையென்றால், யாருடைய வேட்புமனு முதலில் கொடுக்கப்பட்டதோ அவரையே கட்சி வேட்பாளராக எடுத்துக்கொள்வார்கள். பட்டியல் மாறக்கூடும் என்ற பேச்சு காதில் விழுந்தால் முதல் நாளே மனுத்தாக்கல் செய்யுங்கள்.

மாற்று வேட்பாளராக வீட்டில் யாரையாவது போடுவதுதான் நடைமுறை. முதன்மை வேட்பாளர் மனு ஏற்கப்பட்டால், ஒரே முன்மொழிபவருடன் வந்த மாற்று மனு பரிசீலனையிலேயே தள்ளப்படும். அதற்காகப் பதற வேண்டாம். அதிருப்தியில் இருக்கும் போட்டியாளரையே மாற்று வேட்பாளராகப் போட்டால் ஊரில் மரியாதை கூடும். ஆனால் உங்கள் மனு தவறினால் சீட் அவருக்கு. உங்கள் தாள்கள் மேல் நம்பிக்கை இருந்தால் மட்டும் அதைச் செய்யுங்கள்.

திங்கள், வட்டாட்சியர் அலுவலகம்

மனு எங்கே கொடுப்பது என்று பொது அறிவிப்பில் போட்டிருக்கும். கோட்டாட்சியர் அலுவலகமாகவோ வட்டாட்சியர் அலுவலகமாகவோ இருக்கும். நேரம் காலை 11 முதல் பிற்பகல் 3 வரை. நூறு மீட்டர் எல்லைக்குள் மூன்று வண்டி, அறைக்குள் வேட்பாளரோடு சேர்த்து ஐந்து பேர். வெளியே எவ்வளவு கூட்டம் கூட்டினாலும், மனுக் கொடுக்கும் நாளிலிருந்து செலவு உங்கள் கணக்கு. சட்டமன்றத்துக்கு உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய். தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கை மனுவுக்குக் குறைந்தது ஒரு நாள் முன்னால் தொடங்கியிருக்க வேண்டும். ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது.

டெபாசிட் 10,000 ரூபாய். ஆதிதிராவிடர், பழங்குடியினர் எந்தத் தொகுதியில் நின்றாலும் 5,000. ரொக்கமாக அலுவலரிடம் கட்டலாம், அல்லது கருவூலச் சலான். காசோலை ஆகாது. நான்கு செட் வரை மனு கொடுக்கலாம், டெபாசிட் ஒன்று போதும். இரண்டு வேறு முன்மொழிபவர்களை வைத்து இரண்டு செட்டாவது கொடுத்து வையுங்கள், ஒன்றில் குறை இருந்தாலும் மற்றது காப்பாற்றும்.

படிவம் 26, அதாவது பிரமாணப் பத்திரம், மேசையில் விரித்துப் பார்த்தால் பத்துப் பக்கத்துக்கு மேல் போகும். தனக்கும் துணைக்கும் சார்ந்திருப்பவர்களுக்கும் வருமான வரி எண், கடைசி ஐந்து வருட வருமானம், கையிருப்பு, நகை, நிலம், கடன், வழக்கு. ஒரு கட்டமும் வெறுமையாக இருக்கக் கூடாது. சொத்து இல்லையென்றால் "இல்லை", கேள்வி உங்களுக்குரியது இல்லையென்றால் "பொருந்தாது" என்று கையால் எழுதுங்கள். கோடு போட்டு விடாதீர்கள். வெற்றிடம் இருந்து, அலுவலர் நோட்டீஸ் கொடுத்தும் நிரப்பாவிட்டால் மனுவைத் தள்ளலாம் என்று 2013இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தலைமையில் இருந்தவர்கள் தவறவிடுவது அரசுக் குடியிருப்பு பாக்கி. கடந்த பத்து வருடத்தில் அரசு வீட்டில் இருந்திருந்தால் வாடகை, மின்சாரம், குடிநீர், தொலைபேசிக்கு நிலுவை இல்லை என்ற சான்று வேண்டும். அதைக் கொடுக்கும் துறைகள் சென்னையில் இருக்கின்றன.

மனு கொடுத்தவுடன் அங்கேயே உறுதிமொழி எடுத்துவிடுங்கள். மனுவுக்குப் பிறகு, பரிசீலனை நாளுக்கு முன்னால் எடுத்தால்தான் செல்லும். கடைசி நாள் மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வந்தவர்கள், மனு கொடுத்த பரபரப்பில் இதை விட்டுவிட்டுப் பிரச்சாரத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

பரிசீலனை, மனுத்தாக்கலின் கடைசி நாளுக்கு அடுத்த நாள் காலை. வேட்பாளர், தேர்தல் முகவர், ஒரு முன்மொழிபவர், எழுத்தில் அதிகாரம் பெற்ற இன்னொருவர் உள்ளே போகலாம். அந்த இன்னொருவர் தேர்தல் சட்டம் பழகிய வக்கீலாக இருக்கட்டும். ஆட்சேபணைக்குப் பதில் சொல்ல அவகாசம் கேட்டால் பரிசீலனைக்கு அடுத்த இரண்டாம் நாள் வரை தர அலுவலருக்கு அதிகாரம் உண்டு.

பரிசீலனை முடிந்து இரண்டாம் நாள் பிற்பகல் 3 மணி வரை வாபஸ் பெறலாம். சீட் கிடைக்காமல் சுயேச்சையாக மனுப் போட்ட சக கட்சிக்காரரிடம் பேச இருக்கும் அவகாசம் அவ்வளவுதான். அவருடைய வீட்டுக்கு வேட்பாளரே போக வேண்டும், ஆள் அனுப்பக் கூடாது. அவர் ஒப்புக்கொண்டால் அவரே வந்து படிவம் 5இல் கையெழுத்திட வேண்டும். வர முடியாவிட்டால் அவர் எழுதிக் கொடுத்த அதிகாரக் கடிதத்தோடு அவருடைய முன்மொழிபவரோ தேர்தல் முகவரோ வரலாம். கொடுத்த வாபஸைத் திரும்ப எடுக்க முடியாது. மூன்று மணிக்குப் பிறகு இறுதிப் பட்டியல் ஒட்டுவார்கள். அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் முதலில், பதிவு பெற்ற கட்சிகள் அடுத்து, சுயேச்சைகள் கடைசியில், ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் இனிஷியலை விட்டுவிட்டுப் பெயரின் தமிழ் அகர வரிசையில். மின்னணு இயந்திரத்தில் உங்கள் பெயர் எத்தனையாவது என்பது அங்கே தெரிந்துவிடும். நோட்டீசுக்கு அச்சகத்தில் சொல்லிவிடலாம்.